யோஷிதா ஹிரோஷியின் முன் இருந்த மூன்று வழிகள்

1925-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து தோக்கியோவுக்குத் திரும்பியபோது யோஷிதா ஹிரோஷிக்கு 49-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் ஓவியத்திலும் நீர்வண்ணத்திலும் ஜப்பானில் பெயர் பெற்றிருந்த அவர், மரக்கட்டை அச்சுக் கலையில் அதுவரை செய்திருந்தது மிகச் சிறிது. 1920 முதல் வத்தனாபே ஷோசபுரோ என்ற பதிப்பாளருக்காகச் சில அச்சுகளை வரைந்து கொடுத்திருந்தார். 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த கான்தோ நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் அவற்றின் கட்டைகளையும் கையிருப்பையும் சாம்பலாக்கிவிட்டன. ஆனாலும் அமெரிக்கப் பயணத்தில் அவர் கண்டுகொண்ட உண்மை ஒன்று இருந்தது. ஜப்பானிய அச்சுகளை அங்குள்ளவர்கள் விரும்பி வாங்கினார்கள். தரம் குறைந்தவற்றைக்கூட வாங்கினார்கள். அச்சுக் கலைக்கே தம்மைக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்ததில் வியப்பில்லை. ஆனால் எந்த முறையில் செய்வது என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

மூன்று வழிகள் திறந்திருந்தன. பழையபடி பதிப்பாளரிடம் படம் வரைந்து கொடுத்துவிட்டு மற்றதை அவர் பொறுப்பில் விடலாம். வரைவது, செதுக்குவது, அச்சிடுவது ஆகிய மூன்றையும் தம் கையாலேயே செய்யலாம். அல்லது செதுக்குநர்களையும் அச்சிடுநர்களையும் தாமே கூலிக்கு அமர்த்தி, ஒவ்வொரு தாளையும் தம் கண் முன்னே உருவாக்கலாம். இன்று மரக்கட்டை அச்சில் இறங்க நினைக்கும் ஓவியர் எவருக்கும் ஏறக்குறைய இதே மூன்று வழிகள்தாம் உள்ளன. ஆகவே, ஒவ்வொன்றையும் அதில் வாழ்ந்து காட்டியவர்களின் படைப்புகளைக் கொண்டே எடைபோடுவது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முடிவெடுத்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். யோஷிதா 1876-இல் கியூஷுத் தீவின் குருமே நகரில் உவேதா என்ற குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் ஓவியம் கற்பித்த யோஷிதா கசபுரோ, மாணவனின் கைத்திறனைக் கண்டு 1891-இல் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். வளர்ப்புத் தந்தை சில ஆண்டுகளிலேயே காலமாகிவிட, அந்தக் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இளைஞரான ஹிரோஷியின் தோளில் விழுந்தது. தோக்கியோவில் கொயாமா ஷோதாரோவின் பயிலகத்தில் மேற்கத்திய முறை ஓவியம் பயின்றபோது, ஓயாமல் வரைந்துகொண்டிருந்ததால் உடன் படித்தவர்கள் அவரை ‘ஓவியப் பேய்’ என்று அழைத்தார்கள். 1899-இல் நண்பர் நககாவா ஹச்சிரோவுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, டெட்ராய்ட்டில் தம் நீர்வண்ண ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, எதிர்பாராத அளவுக்கு விற்றுக் காட்டினார். கசபுரோவின் மகளும் தேர்ந்த ஓவியருமான ஃபுஜியோவோடு 1903 முதல் 1907 வரை அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றி வந்தார். நாடு திரும்பிய பின் இருவரும் மணந்துகொண்டார்கள். பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் இயல்பு அவரிடம் எந்தக் கட்டத்திலும் தென்படவில்லை.

முதல் வழி மிகப் பழையது, சோதித்துப் பார்க்கப்பட்டது. பழைய அச்சோவிய மேதைகளான ஹொக்குசாயும் ஹிரோஷிகேயும் அதன்படியே வேலை செய்தார்கள். ஓவியர் கோட்டுச் சித்திரத்தை வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அதைச் செர்ரி மரக்கட்டையின்மீது கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி குடைந்தெடுப்பார். அந்தக் கட்டையிலிருந்து ஒத்தியெடுத்த தாள்களில் எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று ஓவியர் குறித்துக் கொடுக்க, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை உருவாகும். பிறகு அச்சிடுநர் நீர்வண்ணத்தையும் அரிசிப் பசையையும் கட்டையில் தூரிகையால் பரப்பி, ஈரப்படுத்திய கைத்தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் உறை சுற்றிய பாரென் என்னும் வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறத்தைத் தேய்ப்பார். முதலீடும் விற்பனையும் பதிப்பாளருடையவை. எந்தப் படம் வெளிவர வேண்டும், எத்தனை பிரதிகள் போட வேண்டும் என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

வத்தனாபே 1915 முதல் இந்த முறைக்குப் புத்துயிர் கொடுத்து, ‘ஷின்-ஹங்கா’, அதாவது புதிய அச்சு, என்ற இயக்கத்தை வளர்த்தார். இந்த வழியின் நன்மை அனைத்தையும் ஒருவர் வாழ்க்கையில் காண வேண்டுமானால் கவாசே ஹசுயைப் பார்க்க வேண்டும். 1883-இல் தோக்கியோவில் பிறந்த ஹசுய், குடும்பத் தொழில் நொடித்த பிறகு 27 வயதில்தான் காபுராகி கியோகாதாவிடம் மாணவராகச் சேர முடிந்தது. இதோ ஷின்சுய் என்ற ஓவியர் வரைந்த பிவா ஏரிக் காட்சிகளின் அச்சுகளைப் பார்த்து மனம் ஈர்க்கப்பட்டு, 1918-இல் வத்தனாபேயிடம் வந்தார். 1923 நிலநடுக்கத்தில் அவருடைய வீடும், பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி நிரப்பிய 188 கோட்டோவிய ஏடுகளும் எரிந்துபோயின. வத்தனாபேயின் கடையும்தான் எரிந்தது. ஆயினும் அவர் ஹசுயை ஊக்கி, அதே ஆண்டு அக்டோபரில் 102 நாள் நீண்ட பயணத்துக்கு அனுப்பினார். அந்தப் பயணமும் அதன் பின் வந்த அச்சுகளும் இல்லாவிட்டால் ஹசுய் என்ற பெயரை நாம் இவ்வளவு நினைத்துக்கொண்டிருப்போமா என்பது ஐயமே. 1925-இல் வெளிவந்த ‘ஷிபாவின் ஸோஜோஜி’யில், செந்நிறக் கோயில் வாயிலுக்கு முன்னே குடையைச் சாய்த்துப் பிடித்தபடி பனிக்காற்றில் நடக்கும் பெண்ணைப் பார்க்கிறோம், அவர் படைப்புகளிலேயே மிக அதிகமாக விற்றவற்றுள் அது ஒன்று. அச்சின் அடக்கச் செலவும் அது விற்குமா என்ற அச்சமும் ஹசுயைத் தீண்டவில்லை. அவர் நடந்தார், பார்த்தார், வரைந்தார். நாற்பது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அச்சுகள் பிறந்தன.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நன்றாக விற்ற பனிக்காட்சியும் நிலவொளியும் மாலைமழையும் திரும்பத் திரும்ப வரத் தொடங்கின. பிந்திய ஆண்டுகளின் அச்சுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, முதற்காலத்து ஷியோபாரா காட்சிகளிலும் தோக்கியோக் காட்சிகளிலும் இருந்த துணிவு தணிந்துபோயிருப்பதை உணர முடிகிறது. ஹசுயை மிகவும் நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். வாங்குபவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த பதிப்பாளர் அருகிலிருப்பது வறுமையிலிருந்து காக்கும். அந்தத் துணையே புதிய திசையில் அடி எடுத்துவைக்கும் தேவையையும் குறைத்துவிடும்.

யோஷிதாவுக்கு முன்பே இந்த வழியிலிருந்து விலகிய ஒருவர் இருந்தார். ஹாஷிகுச்சி கோயோ 1915-இல் வத்தனாபேக்காக ஒரே ஓர் அச்சைச் செய்து, அதன் முடிவில் மனநிறைவு கொள்ளாமல் வெளியேறி, சில ஆண்டுகளில் சொந்தமாகச் செதுக்குநர்களையும் அச்சிடுநர்களையும் வைத்துக்கொண்டு வேலை செய்தார். தாளின் தரம் முதல் கூந்தல் இழையின் நுண்மை வரை அவர் காட்டிய கண்டிப்பு இன்றும் அந்த அச்சுகளில் தெரிகிறது. ஆனால் 1921-இல், 40 வயதில், நோயுற்று இறந்துபோனார். அவர் வாழ்நாளில் நிறைவுற்ற அச்சுகள் பதினைந்துக்கும் குறைவு. சொந்தப் பட்டறை என்ற வழி சிறந்த அச்சைத் தரும் என்பதைக் கோயோ நிறுவினார். அது ஒரு வாழ்நாள் முழுவதும் தாக்குப்பிடிக்குமா என்பதை நிறுவ அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

மூன்றையும் தானே செய்வது என்ற வழிக்கு அப்போது இருபது வயது ஆகியிருந்தது. யமமோதோ கனாயே 1904-இல் ஒரு மீனவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். ‘சோசாக்கு-ஹங்கா’, அதாவது படைப்பு அச்சு, என்ற இயக்கம் அதிலிருந்து தொடங்கியதாகக் கருதப்படுகிறது. பிறர் கையில் செதுக்கப்பட்ட அச்சு ஒரு நகல். கலைஞரின் உளி நேரடியாக மரத்தில் பட்டால்தான் அது மூலப்படைப்பு என்பது அவர்கள் வாதம். ஒஞ்சி கோஷிரோ இந்தக் கொள்கையை அருவ வடிவங்கள் வரைக்கும் கொண்டு சென்றார். அவர் பல படைப்புகளை மிகச் சில பிரதிகளே எடுத்தார். விற்பனை அவருடைய நோக்கமாகவே இருக்கவில்லை. அவோமோரியில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த முனகாதா ஷிகோவோ, கண்பார்வை மங்கியிருந்ததால் முகம் கட்டையில் உரசும் அளவுக்குக் குனிந்து, கையில் வேகம் குறையாமல் செதுக்கினார். 1939-இல் அவர் செதுக்கிய புத்தரின் பத்துச் சீடர்களின் உருவங்களில் கோடு வேறு, உளி வேறு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. 1956-இல் வெனிஸில் இரண்டாண்டுக்கொருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியில் அச்சுக் கலைக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்த வழியின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மரமே பேச வேண்டும் என்று விரும்புபவருக்கு இதைவிட நேரான பாதை கிடையாது. பணமும் அதிகம் தேவையில்லை. ஆனால் யோஷிதா காட்ட விரும்பியது மரத்தை அல்ல, ஒளியை. விடியலுக்குச் சற்று முன்னர் பனிமலை உச்சியில் படியும் இளஞ்சிவப்பையும், மூடுபனிக்குள் நீர்ப்பரப்பு வானத்தோடு கரைந்துபோவதையும், எண்ணெய் ஓவியத்திலும் நீர்வண்ணத்திலும் முப்பது ஆண்டுகள் பயின்ற கண்ணால் அவர் கண்டிருந்தார். அதை மரக்கட்டையில் கொண்டுவர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மெல்லிய வண்ணப் படலங்கள் தேவை. சிறு வயது முதல் அந்த ஒரு வேலையிலேயே கை பழகிய அச்சிடுநரால்தான் அந்தப் படலங்களைத் தாளுக்குத் தாள் மாறாமல் ஏற்ற முடியும். ஐம்பது வயதை எட்டும் ஓவியர் ஒருவர் உளியையும் பாரெனையும் புதிதாகக் கற்று அந்தத் தேர்ச்சியை அடைவதற்குள் வாழ்நாள் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டாவது வழி அவரைப் பொறுத்தவரை நல்ல வழியாக இருந்தும், அவருக்கான வழியாக இருக்கவில்லை.

முதலாவது ஏன் போதவில்லை என்பதற்கு அவருடைய பாய்மரப் படகுகளே சான்று. 1921-இல் வத்தனாபேக்காக அவர் பாய்மரப் படகுகளைக் காலை, பகல், மாலை என்று வேளை மாற்றி வரைந்திருந்தார். 1926-இல், சொந்தப் பட்டறையில், செதோ உள்நாட்டுக் கடல் தொடருக்காக அதே பொருளை மீண்டும் எடுத்தபோது, காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று அது ஆறாக விரிந்தது. அடிப்படையில் அதே கட்டைகள், வண்ணங்கள் மட்டும் வேறு. காலைப் படகின் பாயில் ஏறும் பொன்னிறம் நீரில் நீண்டு நடுங்குகிறது; மூடுபனியில் அதே பாய் சாம்பல் நிழலாகச் சுருங்கி, பின்னால் வரும் படகு இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி மறைகிறது; இரவில் விளக்கின் ஒரு கீற்று மட்டும் மிஞ்சுகிறது. அச்சிடுநர் வண்ணத்தைக் குழைக்கும் ஒவ்வொரு கணமும் ஓவியர் அருகில் நின்று, இன்னும் கொஞ்சம் நீலம் என்றோ, இது போதும் என்றோ சொன்னால் ஒழிய இந்த ஆறும் ஆறு வேறு வேளைகளாக ஆகியிருக்க முடியாது. பல கலைஞர்களின் வேலையை ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டிய பதிப்பாளரின் பட்டறையில் அப்படி நாள்கணக்காக நிற்க யாருக்கும் இடம் கிடைப்பது அரிது.

அடுத்தது அளவு. வழக்கமான அச்சுத் தாள் ஏறத்தாழ 39-க்கு 27 சென்டிமீட்டர். யோஷிதா 1928-இல் செய்த ‘விரைந்தோடும் ஆறு’ அகலத்தில் 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. தாள் ஈரத்தில் விரியும், உலர்கையில் சுருங்கும். தாள் பெரிதாகப் பெரிதாக, ஒரு வண்ணத்தின் விளிம்பு அடுத்த வண்ணத்தோடு பொருந்தாமல் நழுவும் வாய்ப்பும் பெருகும். விற்பனையை எண்ணும் எந்தப் பதிப்பாளரும் இத்தகைய இழப்புக்கு எளிதில் துணிய மாட்டார். யோஷிதா துணிந்தார், பாறைகளுக்கிடையே சுழித்துப் பாயும் நீரின் ஒவ்வொரு வளைவும் அந்தப் பெரிய தாளில் தப்பாமல் பொருந்தி நிற்கிறது. 1937-இல் நிக்கோவின் யோமேய் வாயிலை அச்சிட்டபோது ஒரே தாள் 96 முறை ஒத்தியெடுக்கப்பட்டது. சாம்பல் நிறக் கட்டைகளை அடியில் இட்டு, அவற்றின்மேல் வண்ணம் ஏற்றி ஆழம் கொண்டுவரும் முறையையும் அவர் விரிவாகக் கையாண்டார். தொலைவிலிருக்கும் மலைகளுக்கு அந்த எடை கிடைத்தது அதனால்தான்.

எதை வரைவது என்ற உரிமையும் இந்த வழியில் அவரிடமே இருந்தது. பட்டறை தொடங்கிய 1925-இலேயே கிராண்ட் கேன்யனையும் மேட்டர்ஹார்னையும் ஸ்ஃபிங்க்ஸையும் ஜப்பானிய மரக்கட்டையில் ஏற்றினார். அடுத்த ஆண்டு ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகளைப் பன்னிரண்டு அச்சுகளாக்கினார். கோடைதோறும் மலையேறித் தங்கி வரைந்தவர் அவர்; தம் இளைய மகனுக்கு ஹொதாகா என்ற மலையின் பெயரையே சூட்டினார். 1930-இன் இறுதியில் மூத்த மகன் தோஷியை அழைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். தாஜ்மகாலும் காசியின் படித்துறையும் உதயப்பூரின் ஏரி அரண்மனைகளும் எல்லோராவும் காஞ்சன்ஜங்காவும் அந்தப் பயணத்தின் அச்சுகளாயின. மதுரைக் கோயிலும் அவற்றுள் உண்டு. தமிழ் வாசகர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்: கல்தூண்களின் குளிர்ந்த இருளையும் வெளியிலிருந்து கசியும் வெளிச்சத்தையும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் உணர்வது போலவே அந்தக் கண் உணர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, இந்த வழியின்மீது வைக்கப்படும் கடுமையான கேள்விக்கு வருவோம். தாம் மேற்பார்வையிட்ட அச்சுகளின் ஓரத்தில் யோஷிதா ‘ஜிஸூரி’ என்ற முத்திரையைப் பதித்தார். ‘தானே அச்சிட்டது’ என்பது அதன் பொருள். ஆனால் பெரும்பாலான தாள்களில் பாரெனைப் பிடித்தவை அவர் அமர்த்திய அச்சிடுநர்களின் கைகள். அப்படியிருக்க அந்தச் சொல் உண்மையாகுமா? படைப்பு அச்சுக்காரர்கள் ஆகாது என்றே சொல்வார்கள். அவர்கள் கண்ணோட்டத்தில் அது சரியும்கூட. கூலிக்கு உழைத்த கைகளின் பெயர் மறைந்துபோவது எனக்கும் வருத்தமே. ஆயினும் யோஷிதா வெறும் முதலாளியாக நின்றவர் அல்லர். செதுக்கவும் அச்சிடவும் தாமே கற்றுக்கொண்டார். சில கட்டைகளைத் தாமே செதுக்கினார். தம் பணியாளர்களைவிட அந்த வேலையை நன்கு அறிந்திருந்தால்தான் அவர்களை வழிநடத்த முடியும் என்று உறுதியாக நம்பினார். 1939-இல் மரக்கட்டை அச்சின் செய்முறையை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்; கருவிகள், தாள், பசை, வண்ணம் என்று கைவேலை தெரிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய விவரங்கள் அதில் உள்ளன. ஆகவே அந்த முத்திரையை ‘என் கை பட்டது’ என்று வாசிக்காமல் ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று வாசிப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

பணக்கணக்கையும் விட்டுவிட முடியாது. செர்ரிக் கட்டை, கைத்தாள், கூலி, விற்காத தாளின் நட்டம் அனைத்தும் பட்டறை உரிமையாளரின் தலையிலேயே விழும். யோஷிதாவால் இதைச் சுமக்க முடிந்ததற்குக் காரணம், அவருக்கு அதற்கு முன்பே கால் நூற்றாண்டாக அமெரிக்காவில் வாங்குபவர்களும் அறிமுகங்களும் இருந்தமையே. 1930-இல் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ கலைக்கூடம் நவீன ஜப்பானிய அச்சுகளின் பெரும் கண்காட்சியை நடத்தியபோது, அதை ஒருங்கிணைக்க உதவியவர்களுள் அவரும் ஒருவர். அதில் ஹசுயின் அச்சுகளும் இடம்பெற்றன. 1936-இல் அங்கே இரண்டாவது கண்காட்சியும் நடந்தது. இத்தகைய சந்தை கைவசம் இல்லாத 30 வயது ஓவியர் ஒருவர் 1925-இல் இதே முடிவை எடுத்திருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் கடனாளியாகியிருப்பார் என்றே நினைக்கிறேன். எண்ணிக்கையிலும் இழப்பு உண்டு: யோஷிதாவின் அச்சுகள் மொத்தம் ஏறத்தாழ 250, ஹசுய் செய்தவற்றில் பாதிகூட இல்லை.

அப்படியானால் எவர் எதைத் தேர்ந்தெடுப்பது? ஊர் சுற்றி வரைவதிலேயே முழு மனமும் செலவாக வேண்டும், கணக்கு வழக்கு வேண்டாம், தேர்ந்த கைகளை நம்பி விட முடியும் என்பவருக்கு நல்ல பதிப்பாளர் கிடைத்தால் ஹசுயின் வழியே சிறந்தது. அந்த ‘நல்ல’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: வீடிழந்து நின்றவரை 102 நாள் பயணத்துக்கு அனுப்பும் பதிப்பாளர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உளியின் தடமே தன் பேச்சு என்று உணர்பவர், கையில் காசில்லாதவர், சில பிரதிகளோடு நிறைவடையக்கூடியவர் முனகாதாவின் வழியில் போகலாம். தொடக்க நிலையில் இருப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் மரத்தோடு நேரடிப் பழக்கம் இல்லாமல் மற்ற இரண்டிலும் எதைக் கேட்பது என்றே தெரியாது. யோஷிதாவின் வழி, தான் காண்பது இன்ன ஒளி என்று ஐயமின்றி அறிந்தவருக்கும், அதைப் பிறர் கைகளிடமிருந்து பொறுமையாகவும் கண்டிப்பாகவும் பெறத் தெரிந்தவருக்கும், சில ஆண்டு நட்டத்தைத் தாங்கக்கூடியவருக்கும் உரியது. இந்த மூன்று தகுதிகளும் ஒருவரிடம் கூடிவருவது அரிது. 1925-இல் அவரிடம் மூன்றும் இருந்தன. அவர் எடுத்த முடிவு அவருக்குச் சரியானது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அந்த முடிவின் விளைவு அவரோடு நின்றுவிடவில்லை. யோஷிதா 1950 ஏப்ரல் 5 அன்று தோக்கியோவில் காலமான பிறகும் பட்டறையும் கட்டைகளும் குடும்பத்திடமே இருந்தன. தோஷியும் ஹொதாகாவும் தாங்களே அச்சுக் கலைஞர்களானார்கள்; தந்தையின் கட்டைகளிலிருந்து பின்னாளில் புதிய பிரதிகளும் எடுக்கப்பட்டன. அவையும் அழகானவையே. ஆனால் வாங்க நினைப்பவர் ஓரத்தை உற்றுப் பார்க்க வேண்டும்: ‘ஜிஸூரி’ முத்திரையும் பென்சிலால் இட்ட கையொப்பமும் இருந்தால், அந்தத் தாள் ஈரமாக இருந்தபோது அவர் அருகில் நின்று பார்த்திருக்கிறார் என்று பொருள்.